நர்சம்மா வீடு

வாடகை வீடா? குடுத்து வச்சவங்க நீங்க. கேலி பண்ணலம்மா, மனசாரத்தான் சொல்றேன். வீட்டக் கட்டுனவ ஒருத்தி, அதுல வாழுறவ இன்னொருத்தி. கட்டுனவ வாயாலயே கேட்டுக்கோங்க. அந்தப் பைய இப்படிக் குடுங்க, என் காலடியில வச்சுக்கிறேன். மாட்டுத்தாவணி வரைக்கும்தான? நானும் அங்கதான் இறங்கணும். இறங்கி மெட்ராஸ் பஸ் பிடிக்கணும்.

அருப்புக்கோட்டையில எங்களுக்கு ஒரு வீடு இருக்கு. அதப் பாக்கத்தான் வந்துட்டுப் போறேன். பாக்கன்னா, விக்கலாமா, இல்ல இப்படியே வாடகைக்கு விட்டு வைக்கலாமான்னு பாக்க. எங்க வீட்டுக்காரர் வித்துருவோம்ங்கிறாரு. மோட்டார் ரிப்பேருன்னா ஒரு தடவ, செவுத்துல ஓதம் ஏறுதுன்னா ஒரு தடவ, இந்த வயசுல மெட்ராஸ்ல இருந்து யாரு அலையறதுன்னு கேக்குறாரு. நூல் கடைக்காரர் ஒருத்தர் கேட்டு வந்திருக்காரு. பேரமே பேசலயாம். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள அவருக்குப் பதில் சொல்லணும். உன் பேருல இருக்கிற வீடு, நீயே போய்ப் பாத்துட்டு முடிவச் சொல்லுன்னு என்ன அனுப்பி வச்சுட்டாரு. கல்யாணம் ஆனதுல இருந்து எங்கிட்ட முடிவு கேட்டது இந்த ஒண்ணுக்குத்தான். அதுவும் அவருக்கு முட்டி வலிங்கிறதால.

என் நகையில கட்டுன வீடு அது. கொத்தனார் பக்கத்துலயே நின்னு கட்டுனேன். அடுப்படி மேடைய என் உசரத்துக்கு அளந்து போடச் சொன்னேன், நான் குள்ளம் பாத்தீங்கள்ல. நடு ஹால்ல ஊஞ்சலுக்குன்னு ரெண்டு கொக்கி. எங்களுக்கு ஒரே மக, சிந்து, அப்ப அவளுக்கு ஏழு வயசு. ஊஞ்சல்னா உசுரு. பால் காய்ச்சிக் குடி போனோம். பதினோரு மாசந்தான். அவருக்கு டெலிபோன் ஆபீஸ்ல மெட்ராஸுக்கு மாத்தல் வந்துருச்சு. ஊஞ்சப் பலகை கூட வாங்கல. மெட்ராஸ் போயி வாடகை வீடு, அப்புறம் லோன் போட்டு ரெண்டு ரூமுல ஒரு பிளாட்டு. இன்னைக்கு வரைக்கும் அதுலதான் முட்டி மோதிக்கிட்டிருக்கோம்.

சரி, நாமதான் வாழல. வந்தவங்களாவது நம்மள மாதிரி சாதாரணமா இருந்துட்டுப் போகலாம்ல? முதல்ல ஒரு பேங்க்காரர் குடும்பம் வந்துச்சு. ரொம்ப வருஷமாப் பிள்ள இல்ல, போகாத கோயில் இல்ல. எங்க வீட்டுக்கு வந்த மறு வருஷமே ஆம்பளப் பிள்ள. அடுத்தாப்ல ஒரு வாத்தியாரு. வேலை போயி கேஸு நடத்திக்கிட்டிருந்தாரு. எங்க வீட்டுல குடியேறுனாரு, தீர்ப்பு வந்துருச்சு, வேலை திரும்பக் கெடைச்சிருச்சு. அதுக்கப்புறம் தெரு பூராம் பேச்சாயிருச்சு, ராசியான வீடுன்னு. புரோக்கரே போன் போட்டு, உங்க வீட்டுக்கு ஆளு காத்துக்கிட்டிருக்கு, ராசியான வீடாச்சேம்மாங்கிறாரு. எனக்குப் பெருமையாத்தான இருக்கணும்? வயிறு எரிஞ்சுச்சும்மா. உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, நீங்க யாரோ நான் யாரோ. என் நகையில, என் கண்ணு முன்னாடி எழுப்புன வீடு, கண்டவங்களுக்கெல்லாம் வாரிக் குடுக்குது. எனக்குப் பதினோரு மாசத்துல என்ன குடுத்துச்சு? ஒரு மாத்தல் ஆர்டரு.

மூணாவதா வந்தவதான் எஸ்தர். கவர்மெண்ட் ஆஸ்பத்திரி நர்சு. வர்றப்ப என்ன நெலமையில வந்தா தெரியுமா? நிரந்தரம் இல்லாத வேல. புருஷன் முதுகுல ஆபரேஷன் பண்ணிப் படுத்த படுக்கை. ஒரு பொம்பளப் பிள்ள. பாவமேன்னுதான் விட்டேன். இப்பப் பாருங்க. வேல நிரந்தரமாயிருச்சு. புருஷன் எந்திரிச்சு நடந்து, சொந்தமா லோடு ஆட்டோ ஓட்டுறாரு. மகளுக்குக் கல்யாணம் முடிஞ்சு, கையில பேத்தி. அந்தப் பேத்திக்குத் தொட்டில் எங்க கட்டியிருக்கா தெரியுமா? ஊஞ்சலுக்குன்னு நான் போட்ட கொக்கியில.

இதுல இன்னொண்ணு கேளுங்க. எல்லாத்துக்கும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்ங்கிறா. நான் கர்த்தரக் கொற சொல்லல. கும்புடுற சாமி யாரா வேணா இருக்கட்டும். ஆனா அந்த வீட்டு ராசின்னு ஒரு வார்த்த அவ வாயில வராது. முன்னாடி இருந்த பேங்க்காரம்மாவாவது, எல்லாம் உங்க வீட்டு ராசிம்மான்னு காலத் தொட்டுக் கும்புட்டா. இவ வாங்குறதெல்லாம் எங்கிட்ட, நன்றி சொல்றது வேற இடத்துல.

இப்பத் தெருவுல அதுக்குப் பேரே நர்சம்மா வீடு. முந்தாநாள் பஸ்ஸ விட்டு இறங்கி ஆட்டோக்காரர்கிட்ட டெலிபோன்காரர் வீட்டுக்குப் போகணும்னேன், அவருக்குத் தெரியல. இந்திராணி அம்மா வீடுன்னு என் பேரச் சொன்னேன். அதுவும் தெரியல. அடையாளம் சொல்லச் சொல்ல, ஓ, நர்சம்மா வீடான்னாரு. ஆமாப்பான்னு சொல்லி ஏறி உக்காந்தேன். வேற என்ன சொல்ல?

ஒரே ஒரு ஆறுதல் உண்டு. எஸ்தர் நல்ல உசரம். என் அளவுக்குப் போட்ட அடுப்படி மேடையில குனிஞ்சு குனிஞ்சுதான் சமைக்கிறா.

எதுக்கு இவ்வளவு எரிச்சல்னு நினைக்கிறீங்க. எனக்கென்ன, நான் வாழ்ந்து முடிச்சவ. எம் மகதான்மா. சிந்துவுக்கு முப்பத்தி நாலு வயசு ஆகுது. நல்ல படிப்பு, கம்ப்யூட்டர் கம்பெனியில வேல. ஒரு வரன் அமையல. வந்ததெல்லாம் தட்டிப் போச்சு, அப்புறம் வர்றதே நின்னு போச்சு. நான் அவள ஒரு வார்த்த சொன்னதில்ல. சாப்பிட உக்காரும்போது மட்டும் கேப்பேன், அந்தப் பையன் போட்டோவப் பாத்தியா, இந்தப் பையன் போட்டோவப் பாத்தியான்னு. வேற நேரத்துல ஆள் சிக்க மாட்டா, அதனால. ரூம் கதவச் சாத்தாதன்னு சொல்லியிருக்கேன். மூணு பேரு இருக்கிற வீட்டுல சாத்துற அளவுக்கு என்ன இருக்கு? கூட வேலை பாக்குறவ யாருக்காவது கல்யாணம்னா, அத அவகிட்டச் சொல்லி ஒரு மூச்சு அழுவேன். அம்மான்னு இருந்தா இது கூட இல்லாம இருக்குமா?

உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா? எத்தன பிள்ளைங்க? ரெண்டா. ரெண்டும் பையனா. ம். நல்லா இருக்கட்டும்.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங், ராசி. நானே யோசிச்சேன். இந்த வீடு குடியிருக்கிறவங்களுக்குத்தான் குடுக்குது. அப்ப நாமளே போயிக் குடியிருந்தா என்ன? அவரு ரிட்டயர் ஆயிட்டாரு. சிந்துவுக்கு வீட்டுல இருந்தே பாக்குற வேல. போன தீபாவளி முடிஞ்சதும் சொன்னேன், எஸ்தரக் காலி பண்ணச் சொல்லிட்டு மூணு பேரும் அங்கிட்டே போயிருவோம், ஒரே வருஷத்துல உனக்கு அமைஞ்சிரும்னு. சிந்து தட்ட விட்டு எந்திரிச்சுட்டா. "எல்லாருமா அங்க வந்தா அது வீடா இருக்காதும்மா"ன்னா. இதுக்கு என்ன அர்த்தம், சொல்லுங்க. எனக்கு இந்த நிமிஷம் வரைக்கும் புரிய மாட்டேங்குது.

அப்புறந்தான் இந்த நூல் கடைக்காரர் கேட்டு வந்தாரு. வாடகைக்கே விட்டா ராசி எஸ்தருக்குப் போகுது. வித்தா நூல் கடைக்காரருக்குப் போகுது. எம் மகளுக்கு எப்பத்தான் வர்றது? ராத்திரியும் பகலும் இதே நெனப்பு. அப்பத் தோணுச்சு, பிடிமண். குலசாமி கோயில்ல பிடிமண் எடுத்துட்டுப் போயி வேற ஊருல வச்சுக் கோயில் கட்டுறாங்கல்ல? சாமியே மண்ணோட வருதுன்னா ராசி வராதா? வித்தாலும் பரவாயில்ல, முன்னாடியே ஒரு பிடி மண்ண எடுத்துட்டு வந்து, சிந்து ரூம் ஜன்னல்ல தொட்டியில போட்டு ஒரு துளசி வச்சுருவோம். வீட்ட வாங்குறவன் செங்கலையும் சிமிட்டியையும் வாங்கிக்கிட்டுப் போகட்டும். நல்ல யோசனதான? எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லல. சிரிப்பாரு.

முந்தாநாள் போய்ச் சேந்தேன். எஸ்தர் வாசல்லயே நின்னு கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனா. மீன் கொழம்பு வச்சிருந்தா. என்ன மாதிரி ஆளுக்கு மீன் கொழம்பு போட்டுக் கவுத்துறலாம்னு நெனச்சாளோ என்னவோ. நல்லாத்தான் இருந்துச்சு. வீடும் துப்புரவா, செவுரெல்லாம் வெள்ளையடிச்சு, ஜன்னலுக்குத் திரை போட்டு, நான் கட்டுன வீடுதானான்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. எனக்கு என்னமோ சொந்தக்காரங்க வீட்டுக்கு விசேஷத்துக்கு வந்த மாதிரி இருக்கு. குடிக்கத் தண்ணி வேணும்னாக்கூட எங்க டம்ளர் இருக்குன்னு அவளத்தான் கேக்க வேண்டியிருக்கு.

இன்னைக்குக் காலையில அவ டூட்டிக்குக் கெளம்பிட்டா. புருஷன் லோடு எடுக்கப் போயிட்டாரு. இதான் நேரம்னு நான் ஒரு கரண்டிய எடுத்துக்கிட்டு வாசல்ல ஈசானி மூலையில உக்காந்தேன். மஞ்சப் பையில பாதி அள்ளியிருப்பேன். கேட்டு தெறக்குற சத்தம். எஸ்தர். ஐடி கார்ட மறந்துட்டாளாம், பாதி வழியில திரும்பி வந்திருக்கா. வீட்டுக்காரி தன் வீட்டு வாசல்லயே கையும் களவுமா மாட்டுறத எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா?

என்னக்கா தேடுறீங்கன்னு கேட்டா. பாருங்க, அவளே ஒரு பொய்ய எடுத்துக் குடுக்குறா. கம்மல் திருகாணி விழுந்துருச்சுன்னேன். சொல்லிட்டனே ஒழிய, ரெண்டு காதுலயும் திருகாணி இருக்கு. முந்தானையில மூஞ்சியத் தொடைக்கிற மாதிரி திரும்பிக்கிட்டு, ஒண்ணக் கழட்டி இடுப்புல சொருகுனேன். அதுக்குள்ள அவ சல்லடை எடுத்துட்டு வந்துட்டா. டூட்டிக்கு லேட்டாகும்னு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுச் சொல்லிட்டு, வெள்ளச் சேலையோட மண்ணுல உக்காந்து சலிக்க ஆரம்பிச்சுட்டா. நான் வேண்டாம்மா, போனாப் போகுதுங்கிறேன், கேக்க மாட்டேங்குறா. தங்கம்க்கா, விடலாமாங்கிறா.

சலிச்சுக்கிட்டே சொல்றா, இந்த மண்ணுல சிக்குனது சீக்கிரம் கெடைக்காதுக்கா, இது நம்ம ஊரு மண்ணே இல்லன்னு. வாசல்ல மழத் தண்ணி தேங்குதுன்னு அவ புருஷன் எங்கயோ வெளியூர்ல இருந்து ரெண்டு டிராக்டர் செம்மண்ணு கொண்டாந்து அடிச்சிருக்காரு. கரிசல் காட்டு ஊரும்மா அது. கருப்பா இருக்க வேண்டிய மண்ணு செவப்பா இருக்கு, நான் பாட்டுக்கு அள்ளிப் பையில போட்டுக்கிட்டிருக்கேன். ஊரு பேரு தெரியாத மண்ணுக்கு ஏது ராசி?

அந்த நெனப்புல நான் கொழம்பிக் கெடக்கேன், அவ சல்லடைய ஆட்டிக்கிட்டே சாதாரணமாச் சொல்றா, "சிந்துவும் போன தடவ வந்தப்ப இங்கதான்க்கா கம்மலத் தொலைச்சா. ரெண்டு பேரும் இப்படித்தான் உக்காந்து சலிச்சோம்."

எனக்கு முதல்ல காதுல விழல. அப்புறம் விழுந்துச்சு. போன தடவ வந்தப்ப. அப்படின்னா அதுக்கு முந்தின தடவயும் ஒண்ணு இருக்குல்ல?

வாடகை விஷயம், மோட்டார் ரிப்பேர் எல்லாம் சிந்துதான் போன்ல எஸ்தர்கிட்டப் பேசுவா, எனக்கு அந்தப் போன அமுக்கத் தெரியாது. அது தெரியும். ஆபீஸ் வேலையா பெங்களூர் போறேன்னு அப்பப்ப ரெண்டு நாள் பைய எடுத்துக்கிட்டுப் போவா. அதுவும் தெரியும். ரெண்டையும் சேத்துப் பாக்கத்தான் தெரியல.

நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? எம் மக இங்க வந்தாளா, எனக்குத் தெரியாதேன்னு கேட்டிருப்பீங்க. நான் கேக்கல. அவ முன்னாடி போயி, எம் மகளப் பத்தி எனக்குத் தெரியாதுன்னு நான் சொல்லுவேனா? "ஆமா, சொன்னா"ன்னேன்.

எஸ்தர் சல்லடையக் கீழ வச்சுட்டா. "சொல்லிட்டாளா? அப்பாடா. நீங்க ஒத்துக்க மாட்டீங்கன்னு எத்தன நாளா பயந்துக்கிட்டிருந்தா தெரியுமாக்கா."

அப்புறம் அவளாவே எல்லாத்தையும் சொல்லிட்டா. நான் ம், ம்னு கேட்டுக்கிட்டிருந்தேன். சிந்து நாலஞ்சு தடவ வந்திருக்கா. வந்தா அந்தச் சின்ன ரூம்ல கதவச் சாத்திக்கிட்டுத் தூங்குவாளாம். மெட்ராஸ்ல மாத்திர போட்டாத்தான் தூக்கமாம், இங்க வந்தா மாத்திர இல்லாமத் தூங்குறாளாம். மாத்திரம்மா. என் பக்கத்து ரூம்ல எம் மக மாத்திர போட்டுத் தூங்குறா. அத அருப்புக்கோட்டையில ஒருத்தி எனக்குச் சொல்றா. அந்த வீட்டுலயே வந்து இருந்துரணும்னு ஆசையாம் சிந்துவுக்கு. தனியா. அவ மட்டும். எஸ்தர் ஆஸ்பத்திரிப் பக்கம் வேற வீடு பாத்து வச்சிருக்கா, தை மாசம் காலி பண்ணிக் குடுத்துருவாளாம். என் வீட்ட எம் மகளுக்கு விட்டுத் தர்றாளாம். பெருந்தன்மையப் பாருங்க.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். கல்யாணத்தப் பத்தி ஏதாச்சும் சொன்னாளான்னு. எஸ்தர் என் கையில ஒட்டியிருந்த மண்ணத் தட்டிவிட்டா. "கல்யாணமே வேண்டாம்னு சொல்லலக்கா. கொஞ்ச நாளைக்கு யாரும் எதுவும் கேக்காம இருந்தாப் போதும்ங்கிறா."

எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் கேக்காம இருந்திருக்க மாட்டேனா? இதச் சொல்றதுக்கு ஒரு மூணாம் மனுஷி வேணுமா? அவளுக்கு வேல கெடைச்சுச்சு, பொறுத்துக்கிட்டேன். புருஷன் எந்திரிச்சு நடந்தாரு, பொறுத்துக்கிட்டேன். பேத்தி பெறந்துச்சு, அதையும் பொறுத்துக்கிட்டேன். என் கொக்கியில தொட்டில் ஆடுது, சரின்னு பாத்துட்டு வந்தேன். இத எப்படிம்மா பொறுத்துக்கிறது? பெத்தவ நான் ஒரு வீட்டுல ராத்திரி பகலா கூடவே கெடக்கேன். இவ எஸ்தர்கிட்டப் போயிப் பேசியிருக்கா.

மண்ண அங்கயே கொட்டிட்டேன். கெளம்புறப்ப எஸ்தர் தன் காதுல இருந்து ஒரு திருகாணியக் கழட்டி என் காதுல போட்டுவிட்டா, பஸ்ஸுல கம்மல் விழுந்துரும்னு. வேண்டாம்னு சொல்ல முடியல. என்னோடது இந்தா, பர்சுக்குள்ள கெடக்கு.

பஸ் ஸ்டாண்டுல நின்னு சிந்துவுக்குப் போன் போட்டேன். பச்சையத் தொட்டாப் போதும்னு அவளே வச்சுக் குடுத்திருக்கா. எங்கம்மா இருக்கன்னேன். வீட்டுலதான்னா. நேத்து ராத்திரி தூங்குனியான்னு கேட்டேன். எதுக்கும்மா கேக்குறன்னா. சும்மாதான்னு சொல்லிட்டு வச்சுட்டேன். வேற எப்படிக் கேக்குறதுன்னு எனக்குத் தெரியலம்மா.

காரியாபட்டி தாண்டிருச்சா? இனி சீக்கிரம் வந்துரும்.

விக்கத்தான் போறேன், பின்ன என்ன. வித்துட்டா அவ எங்க போவா? மாத்திர போட்டாலும் என் பக்கத்து ரூம்லதான போடுவா. எஸ்தரும் வேற எங்கிட்டாச்சும் போகட்டும். நர்சம்மா வீடுன்னு ஒண்ணே இல்லாமப் போகட்டும். நூல் கடைக்காரரு இடிச்சுட்டுக் குடோன் கட்டப் போறாராம், கட்டட்டும். தப்பா? நீங்க என்ன அப்படிப் பாக்குறீங்க? உங்களுக்கு ரெண்டும் பையன். இதெல்லாம் தெரியாது.

இருங்க, போன் அடிக்குது. அவருதான். பதில் கேப்பாரு.

ம், சொல்லுங்க. பஸ்ஸுல வந்துக்கிட்டிருக்கேன். ஆமா, பாத்தேன். நல்லாத்தான் இருக்கு. ஓதமெல்லாம் இல்ல, வெள்ளையடிச்சு வச்சிருக்கா. கேக்குது, கேக்குது, சொல்லுங்க.

வேண்டாம்னு சொல்லிருங்க அவருகிட்ட.

வேண்டாம்னா வேண்டாம்தான். விக்கல. என் முடிவுதான்னு நீங்கதான சொன்னீங்க? இல்லங்க, எஸ்தர் இருக்கப் போறதில்ல, தையில காலி பண்றா. வேற ஆளு பாத்தாச்சு. ஒரு பொண்ணு. தனியாத்தான் இருக்குமாம். வேலைக்குப் போற பொண்ணு. நல்ல பொண்ணுன்னு சொல்றாங்க, தொந்தரவு இருக்காது.

எனக்கா? எனக்கு எங்க தெரியும். எஸ்தருக்குத் தெரிஞ்ச பொண்ணு.